ஏ தரத் துறையில் தேறாதவர்கள் எங்கே?

பட்டப் பாடநெறி ஒன்றுக்கு மீளாய்வில் ஏ தரம் கிடைத்துவிட்டால் பீட வாசலில் பதாகை ஏறிவிடும். உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகக் கைநூலைப் புரட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு "அது நல்ல துறை" என்று சொல்ல அந்த ஓர் எழுத்தே போதும் என்றாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு குழு வரும், பார்க்கும், புள்ளியிடும். புள்ளி குறைந்த இடத்தைத் துறை திருத்திக்கொள்ளும். துறைகள் இப்படித்தான் முன்னேறும் என்பது இன்று இலங்கையின் உயர்கல்வி வட்டாரத்தில் ஏறத்தாழ மறுபேச்சில்லாத கருத்து.

அதை நான் ஏற்கவில்லை. தன்னிடம் வந்த மாணவருக்கு என்ன நடந்தது என்று ஒரு துறை தானே ஆராய்ந்து அறிவதற்கு ஆளும் நேரமும் கொடுக்கப்படாத வரை, எத்தனை மீளாய்வு வந்து போனாலும் சீராவது கோப்பு அலுமாரிதான்.

எஹலியகொடவில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத் துறைகளைப் பற்றிப் பேச உனக்கென்ன என்று கேட்கலாம். இங்கிருந்து இரத்தினபுரிக்குப் போகும் அதே வீதியில் பலாங்கொடையையும் தாண்டிப் போனால் பெலிஹுல்ஓயா. சமனலவெவ நீர்மின் திட்டக்காரர்கள் தங்கியிருந்த குடியிருப்பு வளாகத்தில் 1995இல் அமைந்த சப்ரகமுவ பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் றப்பர் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலருக்கு அங்கே இடம் கிடைக்கிறது. சிலர் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு, ஊவா வெல்லஸ்ஸ என்று சிதறிப் போகிறார்கள். ஒவ்வொரு வருடமும் வெட்டுப்புள்ளி வந்ததும் எத்தனை பிள்ளைகளுக்குக் கெம்பஸ் கிடைத்தது என்று கோயில் கமிட்டி முதல் தொழிற்சங்கக் காரியாலயம் வரை எண்ணுகிறோம், பாராட்டு விழா வைக்கிறோம். நாலு வருடம் கழித்து எத்தனை பேர் பட்டத்தோடு வந்தார்கள் என்று எண்ணுவதில்லை. நாங்கள் வாசலில் எண்ணுகிறோம். மீளாய்வுக் குழு அலுமாரியில் எண்ணுகிறது. வாசலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் இருக்கும் பிள்ளையை எண்ண ஆளில்லை.

மீளாய்வு நடக்கும் முறையை முதலில் பார்ப்போம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட கையேட்டில் எட்டு அளவுகோல்கள். அவற்றின் கீழ் நூற்றுக்கு மேற்பட்ட தரநிலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 80 விழுக்காட்டையும் ஒவ்வோர் அளவுகோலிலும் குறைந்தபட்சப் புள்ளியையும் தொட்டால் ஏ. 60க்குக் கீழே போனால் டீ. முதலில் சுய மதிப்பீட்டு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். பிறகு வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் வந்து சில நாட்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்திய வாரங்களில் துறைக்குள் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தற்காலிக உதவி விரிவுரையாளர் இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பெட்டிக் கோப்புகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். மாணவர் ஆலோசனை பற்றிய தரநிலையா? ஆலோசகரின் நியமனக் கடிதம் இருக்கிறது. கூட்டக் குறிப்பு இருக்கிறது. கைநூலில் அரைப் பக்கம் இருக்கிறது. மூன்றையும் படியெடுத்துத் துளை போட்டுக் கோர்த்தால் சான்று தயார். அந்த ஆலோசகரிடம் போன வருடம் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அவர்களில் யார் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்று கேட்டால் எடுத்துக் காட்ட அந்தக் கோப்பில் ஒரு தாள் கிடையாது. இதற்கு அந்த உதவி விரிவுரையாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சான்று கேட்டார்கள், சான்று கொடுத்தார்கள்.

மீளாய்வின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் ஒன்று சொல்வார்கள்: மாணவரின் முன்னேற்றத்தையும் படிப்பு முடிப்போர் வீதத்தையும் கண்காணிக்கும்படி கையேடே சொல்கிறது. உண்மைதான், சொல்கிறது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட தரநிலைகளுக்குள் அதுவும் ஒன்றாக, மூன்று புள்ளிக்குரிய ஒன்றாக நிற்கிறது. வருடாந்த எண்ணிக்கையை அட்டவணையாக்கி ஒட்டிய துறையும், அந்த எண்ணிக்கையைக் கண்டு பதறி முதலாம் வருடப் பாடமொன்றையே மாற்றிய துறையும் அங்கே ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கும். செயல்முறை உண்டா என்று கேட்கும் பரீட்சையில் விளைவு என்ன என்ற கேள்விக்கு எவரும் படிக்கப்போவதில்லை.

"தகவல் எல்லாம் எங்களிடம் இருக்கிறது, தனியாக ஆராய என்ன இருக்கிறது?" என்பது அடுத்த பதில். இருக்கிறது, எங்கெங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். இசட் புள்ளியும் மாவட்டமும் அனுமதிப் பிரிவில். பெறுபேறு பரீட்சைக் கிளையில். மகாபொல புலமைப்பரிசில், நிதியுதவி விவரம் மாணவர் நலன்புரிப் பிரிவில். ஆங்கிலத் தகுதிகாண் பரீட்சையின் புள்ளி ஆங்கில மொழி கற்பித்தல் அலகில். வரவுப் பதிவு துறை எழுதுவினைஞரின் மேசையில். ஐந்து இடத்திலும் ஒரே பிள்ளையின் பதிவிலக்கம்தான். ஐந்தையும் ஒரு தாளில் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும் துறைத்தலைவர் அதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பவர்கள், அவர் மேசையில் குவியும் கோவைகளைப் பார்த்ததில்லை போலும்.

சேர்த்துப் பார்க்காததால் வரும் விளைவை எங்கள் மாவட்டத்தை வைத்தே காட்டலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் தீவளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தின் சனத்தொகை 10 இலட்சத்து 88 ஆயிரம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற இரு நிரல்களையும் கூட்டினால் அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் வரும். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் தோட்டத்துச் சனத்தில் பலர் இலங்கைத் தமிழர் என்றே தங்களைப் பதிந்துகொள்கிறார்கள். அனுமதிப் பட்டியலிலோ மாவட்டம் மட்டும்தான் பேசும். இரத்தினபுரி நகரத்துப் பெரிய பாடசாலையில் விஞ்ஞானம் படித்து, ரியூஷனுக்கு வாகனத்தில் போய்வந்த பிள்ளையும், எஹலியகொடத் தோட்டத்து லயத்தில் இருந்து தமிழ்மொழி மூலம் கலைப்பிரிவு எழுதிய பிள்ளையும் அந்தத் தாளில் "இரத்தினபுரி" என்ற ஒரே சொல். மாவட்டச் சராசரியைக் காட்டி "எங்கள் துறையில் பின்தங்கிய மாவட்டத்து மாணவர் நன்றாகவே செய்கிறார்கள்" என்று அறிக்கை எழுதும் துறை பொய் சொல்லவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டங்களில் பால் அளக்கும் இடத்தில் வாளியின் எடையை மட்டும் எழுதிவிட்டு விடமாட்டார்கள். மெட்ரோலாக் போட்டு, பாலில் றப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் கணக்கு. ஒரு துறையின் சித்தி வீதத்தை உடைத்துப் பார்க்காமல் அப்படியே ஏற்கிறவர்களுக்கு அந்த அளவு கறார்கூட இல்லை.

மூன்றாவது பதில்தான் மிகவும் பரவலானது, மிகவும் அநியாயமானதும்கூட. "பிரச்சினை துறையில் இல்லை, வருகிற பிள்ளைகளிடம். ஆங்கிலம் இல்லை, அடிப்படை இல்லை." இதைச் சொல்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளியது: எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில், எந்த வேலையில் அந்த ஆங்கிலம் போதாமற் போகிறது? விரிவுரையைக் காதால் பிடிப்பதிலா, வினாத்தாளைப் புரிந்துகொள்வதிலா, மூன்று மணித்தியாலத்தில் நான்கு கட்டுரை எழுதுவதிலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வாசிப்பில் தடுமாறும் பிள்ளையை இலக்கண வகுப்புக்கு அனுப்பினால் அதன் நேரமும் போகும், ஆசிரியரின் நேரமும் போகும். "ஆங்கிலம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளும் துறை நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுகிறது.

ஆங்கிலம் என்று நினைத்தது காசாக இருக்கவும் கூடும். மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் பேர் விழாது, சம்பளமும் இல்லை. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக ஏறியது. அதுவும் வேலை கொடுத்த நாளுக்கு. மகாபொல ஒரு மாதம் பிந்தினால் போடிங் காசுக்கும் போட்டோப் பிரதிக்கும் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து கடையில் நிற்கும். வரவு 80 வீதத்துக்குக் கீழே இறங்கும். பரீட்சைக்கு அனுமதி மறுக்கப்படும். அடுத்த முறை எழுதினால் பெறுபேறு ரிப்பீட் கணக்கில் போய், எவ்வளவு நன்றாக எழுதினாலும் சீ தரத்துக்கு மேல் ஏறாது. துறைச் சபைக் கூட்டத்தில் இந்தப் பிள்ளை "வரவு போதாமை" என்ற ஒரு வரியாகத் தோன்றி மறையும். நலன்புரிப் பிரிவின் கொடுப்பனவுத் திகதியையும் துறையின் வரவுப் பதிவையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், அது சோம்பேறித்தனமா காசுப் பிரச்சினையா என்று ஒரு பிற்பகலில் தெரிந்திருக்கும்.

இது கற்பனைக் கணக்கென்று சொல்வோருக்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலிருந்து ஓர் உதாரணம் உண்டு. ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2003இல் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தோர் 32 விழுக்காடுதான். கறுப்பின மாணவரும் ஏழை மாணவரும் நிறைந்த இடம். "வருகிறவர்கள் அப்படி" என்று அவர்களும் சொல்லிவிட்டிருக்கலாம். தங்கள் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். படிப்பை விட்டுப் போனவர்களில் கணிசமானோர் நல்ல பெறுபேற்றோடு, பட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்தவர்கள். சிறு தொகைக் கட்டணப் பாக்கிக்காகப் பதிவிலிருந்து நீக்கப்பட்டவர்கள். 2011இல் அந்தப் பாக்கியைத் தீர்க்கச் சிறு கொடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர் எந்தப் பாடத்தில் சறுக்குகிறார் என்று கண்டதும் ஆலோசகர் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாடும் வந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் பட்டம் முடித்தோர் பாதியைத் தாண்டினார்கள். கறுப்பின மாணவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலிருந்த இடைவெளி மூடிக்கொண்டது. பிள்ளைகள் மாறவில்லை. பல்கலைக்கழகம் தன்னைப் பற்றி அறிந்துகொண்டது.

"கற்பிக்கிற எங்களுக்குத் தெரியாததையா ஓர் ஆராய்ச்சியாளர் வந்து சொல்லப்போகிறார்?" என்ற கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளியாள் வந்து பாடம் நடத்தினால் எந்தத் துறையும் கேட்காது. இதற்கான விடையைத் தந்தவர் ஒரு பௌதிகவியலாளர். 2001இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், 2006இல் கொலராடோவிலும் 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஒரு முயற்சியைத் தொடங்கினார். தனி ஆசிரியரையும் விட்டார், முழுப் பல்கலைக்கழகத்தையும் விட்டார். துறையைத்தான் அலகாகப் பிடித்தார். போட்டியிட்டு வென்ற துறைகளுக்குப் பணம் கொடுத்து, அந்தத் துறையின் பாடத்திலேயே கலாநிதிப் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர்களைக் கற்றல் ஆராய்ச்சியில் பயிற்றி அதே துறைக்குள் அமர்த்தினார். அவர்கள் விரிவுரையாளரோடு உட்கார்ந்து, இந்தப் பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். தெரிகிறதா என்று அளந்தார்கள். தெரியாத இடத்தில் கற்பிக்கும் முறையை மாற்ற உதவினார்கள். ஏராளமான பாடங்கள் மாறின. எல்லாத் துறைகளும் மாறவில்லை என்பதையும் வீமன் 2017இல் எழுதிய நூலில் ஒளிக்கவில்லை. தலைவர் ஈடுபாட்டோடு நின்ற துறைகள் நகர்ந்தன. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மட்டும் வெகுமதி தரும் பதவியுயர்வு முறைதான் பெரிய தடை என்றும் அவர் சொன்னார். நம் நாட்டு விரிவுரையாளர் எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

இனி, காசில்லை என்ற பதில். தர மேம்பாடு என்ற பெயரிலேயே உலக வங்கியின் மூன்று திட்டங்கள் இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் வந்து போயின: 2003இல் தொடங்கிய இர்க்யூ சுமார் 4 கோடி டொலர், 2010இல் எச்ஈடிசி 4 கோடி, 2017இல் அஹெட் 10 கோடி. இவற்றால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கணினிக் கூடங்களும் ஆசிரியர் பயிற்சியும், ஆங்கிலத்தை மேம்படுத்தப் பீடங்களுக்குக் கொடுத்த மானியமும் அவற்றின் வழியாகத்தான் வந்தன. ஆனால் திட்டம் என்பது முடிவுத் திகதியோடு பிறப்பது. துறையின் ஆளணியைப் பாருங்கள்: பேராசிரியர், விரிவுரையாளர், போதனாசிரியர், எழுதுவினைஞர், ஆய்வுகூட உதவியாளர். துறையை ஆராய்பவர் என்று அந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை. உள்ளகத் தர உறுதிப்பாட்டு அலகு என்ற பெயரில் இருப்பது, கற்பித்தலுக்கு மேலதிகமாக ஒரு விரிவுரையாளரின் தோளில் ஏற்றிய சுமை. பீடத்துக்கு ஒரு புள்ளிவிவர ஆய்வாளர், ஒரு கள ஆய்வாளர் என்று இருவரை நிரந்தரமாக வைக்க ஆகும் செலவு, அந்தக் கோடிகளுக்கு முன்னால் எண்ணத் தக்கதே அல்ல.

இந்த வாதத்துக்கு எதிராக உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு, அதை மீளாய்வுக்காரர்கள் கேட்பதில்லை: தகவல் சேர்ந்தால் அது சாட்டையாகாதா? ஆகும். 2016இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவருக்கு ஒரு கேள்விக்கொத்து கொடுத்து, அதை வைத்து இடைவிலகக்கூடியவரைக் கண்டுபிடித்து, கணக்கெடுப்புத் திகதிக்கு முன்பே வெளியேறச் செய்து தங்கள் வீதத்தை உயர்த்திக் காட்டும் யோசனை அம்பலமானது. அதன் தலைவர் பதவி விலக நேர்ந்தது. இந்தியாவில் 1994இல் அமைந்த, கல்வி நிறுவனங்களுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் பார்வைக் குழுவினர் உட்படப் பத்துப் பேரை, ஆந்திரத்து நிறுவனமொன்றுக்கு உயர்ந்த தரம் கிடைக்கக் கையூட்டு கொடுத்தனர், வாங்கினர் என்ற குற்றச்சாட்டில் 2025 பெப்ரவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. இரண்டிலும் கெடுத்தது ஒன்றே. எண் வெளியாருக்குக் காட்டும் விலைச்சீட்டாக மாறியதும் அதை அழகுபடுத்தும் ஆசை வந்துவிட்டது.

ஆகவே துறைக்குள் செய்யும் ஆராய்ச்சிக்கு வேலி வேண்டும். பிள்ளையின் பெயர் ஆய்வுத் தாளில் வரக்கூடாது. ஒரு விரிவுரையாளரின் பாடத்தில் கண்ட குறை அவருடைய பதவியுயர்வுக் கோவைக்குப் போகக்கூடாது. போகும் என்று தெரிந்தால் நாளையே எல்லாப் பாடத்திலும் எல்லோரும் சித்தியடைந்துவிடுவார்கள். துறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தக்கூடாது. அறிக்கை முதலில் துறைச் சபைக்கு வர வேண்டும். என்ன மாற்றினோம், மாற்றியது பலித்ததா என்ற இரண்டு கேள்விக்கும் அடுத்த அரையாண்டில் அதே சபை பதில் சொல்ல வேண்டும். மாணவரிடம் பேசப் போகிறவர் அந்த மாணவரின் மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேள்வித்தாளை நீட்டினால் "திருப்தி" என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு எழுந்து போகும். அந்தக் கோட்டையும் சான்றென்று கோப்பில் சேர்ப்போம்.

எங்கள் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. மலையகத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம் என்ற கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் இன்றுள்ள துறைகளில் எங்கள் பிள்ளைகள் எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று தெரியாமல் கட்டும் பல்கலைக்கழகம், அதே குழிகளைப் புதுக் கட்டடத்தில் தோண்டும். பாராட்டு விழா மேடையில் அமைச்சரிடம் கட்டடம் கேட்கிறவர்கள், அதே மேடையில் இருக்கும் பேராசிரியரிடம் போன தொகுதியில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் முடித்தார்கள் என்றும் கேட்கலாம். அவருக்குத் தெரியாவிட்டால் அது அவர் குற்றமல்ல. அடுத்த வருடமும் அவருக்குத் தெரியாவிட்டால் அது குற்றம்.

கையேட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதன் முதற்பக்கத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்கிறேன்: இந்தத் துறை கடந்த மூன்று வருடத்தில் தன் மாணவரைப் பற்றித் தானே கண்டுபிடித்த, தனக்குப் பிடிக்காத ஓர் உண்மையையும் அதன்பின் எதை மாற்றியது என்பதையும் எழுதுக. எழுத ஒன்றும் இல்லாத துறைக்கு, மற்ற எல்லாக் கோப்பும் ஒழுங்காக இருந்தாலும், ஏ தரம் கொடுக்கக்கூடாது.